முதல் குழந்தைக்கு எந்த வயது? கடைசிக் குழந்தையிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: “எனக்கு 29 வயது, கணவருக்கு 33. குழந்தை வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. இப்போதே வேண்டுமா என்பதில்தான் குழப்பம். வீட்டுப் பெரியவர்கள் முப்பதைத் தாண்டினால் சிரமம் என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள், நாற்பதில்கூடப் பெற்றுக்கொள்கிறார்களே, என்ன அவசரம் என்கிறார்கள். தாயாவதற்கு உண்மையிலேயே எந்த வயது சிறந்தது?”

மகப்பேறு மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு அநேகமாகத் தினமும் வரும் கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உடம்பை மட்டும் வைத்துப் பார்த்தால் 20-களின் தொடக்கத்திலிருந்து 30-களின் தொடக்கம் வரை நல்ல காலம். ஆனால் உங்களுக்கு எந்த வயது என்று சொல்ல, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு தகவல் வேண்டும். உங்களுக்கு எத்தனை குழந்தைகள் வேண்டும்? ஒன்று போதும் என்றால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு பொறுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. இரண்டு வேண்டும் என்றால் இந்த ஆண்டு, மிஞ்சிப்போனால் அடுத்த ஆண்டு தொடங்குங்கள் என்பேன். மூன்று என்றால் இன்றைக்கே.

வயது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதற்கு முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். ஆணுக்கு விந்தணு நாள்தோறும் புதிதாக உற்பத்தியாகிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். பெண்ணுக்கு அப்படி இல்லை. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதுதான் உச்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் ஆயிரம் இருந்தால் அதிகம். இவற்றில் முதிர்ந்து வெளியே வருபவை வாழ்நாள் முழுவதும் சேர்த்து 400, 500 தான். மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முட்டை மிச்சமாகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆகாது. மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் இந்தக் குறைவு தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும்.

எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் தரம். சிசுவாக இருந்தபோதே ஒவ்வொரு முட்டையும் தன் குரோமோசோம்களைப் பிரிக்கும் வேலையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறது. ஜோடி ஜோடியாக நிற்கும் குரோமோசோம்களை அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருப்பவை கோஹீசின் என்ற புரத வளையங்கள். எத்தனையோ ஆண்டுகள் கழித்து, அந்த முட்டை வெளியேறப்போகும் மாதத்தில், வெளியேறுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் விட்ட வேலை மறுபடி தொடங்கும். 25 வயதுப் பெண்ணின் முட்டை 25 ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறது. 40 வயதுப் பெண்ணின் முட்டை 40 ஆண்டுக்கு மேல். அந்த வளையங்கள் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. பழைய ரப்பர் பேண்டுபோல இழுவை விட்டுப்போகின்றன. குரோமோசோம்கள் பிரியும்போது ஒரு பக்கம் ஒன்று கூடிவிடும், மறுபக்கம் ஒன்று குறைந்துவிடும்.

அப்படிக் கணக்குத் தவறிய முட்டை கருவானால் பெரும்பாலும் கருப்பையில் ஒட்டாது. ஒட்டினாலும் சில வாரங்களில் கலைந்துவிடும். மிகச் சிலவே பிறப்பு வரை தாக்குப்பிடிக்கும். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் அதில் நமக்கு அதிகம் தெரிந்தது. ஆக, வயது ஏற ஏறக் கரு தங்கத் தாமதமாவது, கருச்சிதைவு கூடுவது, குரோமோசோம் குறைபாடு கூடுவது என்று மூன்றாகத் தெரிபவற்றுக்குப் பெருமளவு வேர் ஒன்றுதான். இதனால்தான் நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, யோகா எல்லாம் செய்து முப்பதுபோலத் தெரியும் 41 வயதுப் பெண்ணின் முட்டைக்கும் 41 வயதுதான். உடம்பைப் பேணுவதால் கர்ப்ப காலம் நன்றாக இருக்கும். முட்டையின் வயதை அது பின்னுக்கு இழுக்காது.

எண்களைப் பார்ப்போம். 20-களில் இருக்கும் ஆரோக்கியமான ஜோடிக்கு ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பே நான்கில் ஒன்று அளவுதான். முதல் மூன்று மாதத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று பதறி வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வது. 30-ஐ ஒட்டி அது ஐந்தில் ஒன்றாகிறது. 40-இல் இருபதில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடும். கருச்சிதைவு பற்றி நார்வே நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், ஆபத்து மிகக் குறைவாக இருந்தது 27 வயதில். அப்போதும் பத்தில் ஒன்று. 45-ஐத் தாண்டியவர்களுக்குப் பாதிக்கு மேல். டவுன் சிண்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் 1,250-இல் ஒன்று, 30-இல் ஆயிரத்தில் ஒன்றை ஒட்டி, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று, 45-இல் 30-இல் ஒன்று என்பது தோராயக் கணக்கு. இதைத் திருப்பியும் படிக்க வேண்டும். 40 வயதுத் தாய்க்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 99-க்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை.

சரி, 35 என்ற எண் எங்கிருந்து வந்தது? அந்தப் பிறந்தநாளில் உடம்பில் திடீரென்று எதுவும் நடப்பதில்லை. 1970-களில், வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் பரிசோதனை பரவலானது. அந்த ஊசியால் கரு கலையும் ஆபத்து 200-இல் ஒன்று என்று அப்போது கணக்கிட்டார்கள். குழந்தைக்கு ஏதாவது ஒரு குரோமோசோம் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய அதே அளவைத் தொடும் தாயின் வயது 35. பரிசோதனைக்கான செலவையும் ஆய்வகங்களின் கொள்ளளவையும் சேர்த்து யோசித்து, 35-க்கு மேற்பட்டவர்களுக்கு இதைச் செய்யலாம் என்று ஒரு கோடு போட்டார்கள். யாருக்கு ஊசி போடுவது என்பதற்காகப் போட்ட கோடு, நாளடைவில் பெண்ணின் காலக்கெடுவாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது. இன்று ஸ்கேனோடு சேர்த்து ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பத்தாவது வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடிப் பார்க்கும் பரிசோதனையும் வந்துவிட்டது. எந்த வயதுக்காரரும் செய்துகொள்ளலாம். ஆனாலும் அந்தக் கோடு அழியவில்லை.

பயமுறுத்தும் இன்னொரு எண்ணும் உண்டு: 35-லிருந்து 39-க்குள் முயல்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஓராண்டில் கரு தங்காது என்பது. இது வெகுகாலம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இதன் அடிப்படை 1670-க்கும் 1830-க்கும் இடைப்பட்ட பிரெஞ்சுப் பிறப்புப் பதிவேடுகள். ஆன்டிபயாடிக் இல்லாத, சரியான ஊட்டம் இல்லாத காலத்துப் பெண்கள். நம் காலத்து ஐரோப்பிய ஜோடிகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறையாவது சேர்ந்தவர்களில் 35 முதல் 39 வயதுப் பெண்களில் 82 சதவீதம் பேருக்கு ஓராண்டில் கரு தங்கியது. 27 முதல் 34 வரையிலானவர்களுக்கு 86 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட வேண்டாம். கரு தங்குவது வேறு, குழந்தை பிறப்பது வேறு. பிரான்சில் அதே 2004-இல் செய்த ஒரு கணக்கீட்டின்படி, 30 வயதில் முயலத் தொடங்கும் பெண்களில் 75 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் தங்கும் கரு உயிருள்ள குழந்தையாகப் பிறக்கும். 35-இல் தொடங்கினால் 66. நாற்பதில் தொடங்கினால் 44. முதல் ஐந்தாண்டில் ஒன்பது போகிறது, அடுத்த ஐந்தாண்டில் இருபத்திரண்டு. 35-இல் கதவு மூடுவதில்லை. ஆனால் 37, 38-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் முன்பைவிட வேகமாகக் கழிகிறது. உங்கள் பெரியவர்கள் சொல்வதும் கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வதும் ஆளுக்குப் பாதி சரி.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், எத்தனை குழந்தை என்பது. ஆலோசனைக்கு வரும் ஜோடிகளுடன் நான் அடிக்கடி செய்யும் ஒரு வேலை, ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவது. பெண்ணுக்கு 34 என்று வையுங்கள். இரண்டு குழந்தை வேண்டும், “அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் டாக்டர்” என்கிறார்கள். சரி, 35 முடிந்தவுடன் முயற்சி தொடக்கம் என்று முதல் வரியில் எழுதுவேன். கரு தங்க எட்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம், 35 வயது 8 மாதம். ஒன்பது மாதம் சுமந்தால் முதல் குழந்தை பிறக்கும்போது 36 வயது 5 மாதம். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைச் சேர்த்தால் 38 வயது 5 மாதம். இரண்டாவது முயற்சி அங்கேதான் தொடங்குகிறது. இம்முறை கரு தங்கக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கலாம், நடுவில் ஒரு கருச்சிதைவு வந்தால் அதற்கும் சில மாதம். 40-ஐத் தொட்டுவிடுகிறோம். 35-இல் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தவர்களின் உண்மையான கேள்வி 39-ஐப் பற்றியது என்பது தாளைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும். தாளில் போட்டுப் பார்க்காமல் மனக்கணக்கில் விட்டால் எல்லோருக்குமே இரண்டு மூன்று ஆண்டு குறைந்துதான் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை, இடைவெளியை யாரும் சேர்ப்பதில்லை.

இதையே முறையாகக் கணினியில் கணக்கிட்டு 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விரும்பிய எண்ணிக்கையில் குழந்தை பெற 90 சதவீத வாய்ப்பு வேண்டும், ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைப்பது) மாதிரிச் சிகிச்சைக்குப் போக விருப்பம் இல்லை என்றால், முயற்சியை எந்த வயதுக்குள் தொடங்க வேண்டும்? ஒரு குழந்தைக்கு 32. இரண்டுக்கு 27. மூன்றுக்கு 23. வாய்ப்பு 75 சதவீதம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அதே வரிசையில் 37, 34, 31. தேவைப்பட்டால் ஐ.வி.எஃப்.-க்கும் தயார், ஆனால் 90 சதவீதம் வேண்டும் என்றால் 35, 31, 28. எனக்குத் தெரிந்து “எந்த வயது” என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் இல்லை, ஏனென்றால் இது வயதை மட்டும் பேசவில்லை. குழந்தை உங்களுக்கு எவ்வளவு முக்கியம், கிடைக்காமல் போனால் எவ்வளவு தாங்கிக்கொள்வீர்கள், சிகிச்சைக்குப் போவீர்களா என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. “ஒன்று கிடைத்தால் போதும், இரண்டாவது வந்தால் சந்தோஷம்” என்பவரும் “என் பிள்ளைக்குக் கூடப்பிறந்த ஒன்று இருந்தே ஆக வேண்டும்” என்பவரும் ஒரே வயதில் தொடங்க வேண்டியதில்லை. உங்களுக்கு 29 என்பதால் இரண்டு என்றால் அடுத்த ஆண்டைத் தாண்ட விடாதீர்கள் என்று நான் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சீக்கிரமாகப் பெறுவது பற்றிச் சுருக்கமாக. 20 வயதுக்கு முன்பு தாயாவது நல்லதல்ல என்பதில் மருத்துவத்தில் இரண்டு கருத்து இல்லை. 20 முதல் 24 வயதுத் தாய்மார்களைவிட 19-க்கு உட்பட்டவர்களுக்குப் பேறுகால வலிப்பு, கருப்பைத் தொற்று அதிகம். அவர்களுடைய குழந்தைகள் எடை குறைந்தும் மாதம் முந்தியும் பிறப்பது அதிகம். இன்னும் சின்ன வயதென்றால் இடுப்பெலும்பே முழுதாக வளர்ந்திருக்காது, குழந்தை வழியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முதல் பிரசவம் சீக்கிரம் நடந்தால் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் குறையும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்காக ஒருவர் 19 வயதில் தாயாக வேண்டும் என்பது தலைகீழ் யோசனை.

தாமதமாகப் பெறும்போது தாயின் உடம்புக்கு என்ன ஆகிறது? கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, இதயம் 30 முதல் 50 சதவீதம் அதிகமாக உழைக்கிறது. 35-க்கு மேல், குறிப்பாக 40-க்கு மேல், கர்ப்ப கால சுகர், பிரஷர், நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பது, சிசேரியன், நிறைமாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது. இரட்டைக் குழந்தை இயற்கையாகவே 30-களின் பின்பாதியில் அதிகம், ஏனென்றால் முட்டையைத் தூண்டும் ஹார்மோன் அப்போது கூடுதலாகச் சுரந்து ஒரே மாதத்தில் இரண்டு முட்டை வெளிவந்துவிடுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் வயதைவிட ஏற்கெனவே இருக்கும் உடல்நிலை பெரிது. எடை சரியாக, பிரஷர் சரியாக இருக்கும் 38 வயதுப் பெண்ணின் கர்ப்பம், சுகர் கட்டுப்பாட்டில் இல்லாத 26 வயதுப் பெண்ணின் கர்ப்பத்தைவிட நிம்மதியாகவே போகும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டாவது வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்துப் பிரஷர் சிக்கலைக் குறைக்கும் வழியும் இப்போது இருக்கிறது. ஆக, வயதான கர்ப்பத்தைப் பார்த்துக்கொள்ள மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். வயதான முட்டையை என்ன செய்வது என்றுதான் தெரியாது.

இந்த இடத்தில் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் கருத்தரிப்புப் பிரச்சினை எதுவும் இல்லாதவர்களே இதைத் தாமாகச் செய்துகொண்டு வருகிறார்கள். 38 வயதில் ஒருவர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, “முப்பது வயசுக்காரிக்கு இருக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போடலாம்தானே?” என்று கேட்பார். அதே வாரம் 27 வயதுப் பெண் ஒருவர், அளவு குறைவு என்று வந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வருவார். இரண்டு பேருமே அந்தத் தாளைத் தவறாகப் படிக்கிறார்கள். ஏ.எம்.ஹெச். சொல்வது சினைப்பையில் ஏறக்குறைய எத்தனை முட்டை மிச்சம் என்பதை, ஐ.வி.எஃப். ஊசி போட்டால் எத்தனை முட்டை எடுக்கலாம் என்பதை. முட்டையின் தரத்தை அது சொல்லாது, தரம் வயதோடு போவது. கருத்தரிப்புப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களைப் பின்தொடர்ந்து 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தார்கள். மாதம் ஒரு முட்டைதானே வேண்டும். ஆக, நல்ல ஏ.எம்.ஹெச். இருப்பதால் 38 வயது 30 ஆகிவிடாது, குறைந்த ஏ.எம்.ஹெச். இருப்பதால் 27 வயது 40 ஆகிவிடாது.

நாற்பதில்கூடப் பெற்றுக்கொள்கிறார்களே என்பதற்கும் ஒரு வார்த்தை. 40, 41-இல் இயற்கையாகப் பெறுபவர்கள் நிறைய உண்டு. ஆனால் 46, 48-இல் பிரபலம் ஒருவருக்குக் குழந்தை என்று செய்தி வரும்போது, அது பெரும்பாலும் இளம்பெண் ஒருவரிடமிருந்து தானமாகப் பெற்ற முட்டையாகவோ முன்பே உறையவைத்த முட்டையாகவோ இருக்கும். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் சொந்த விஷயம். ஆனால் செய்தியைப் படிப்பவர் அதைத் தன் வயதுக் கணக்கில் சேர்த்துவிடுகிறார். கருப்பைக்கு முட்டை அளவுக்கு வயதாவதில்லை, தான முட்டையில் வெற்றி வாய்ப்பு கொடுத்தவரின் வயதைப் பொறுத்தது.

ஐ.வி.எஃப். முறையில் முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25-இல். கருக்குழாய் அடைப்புக்காகக் கண்டுபிடித்த சிகிச்சை அது, அதற்கு இன்றும் அருமையாக வேலை செய்கிறது. வயதுக்கு அது மருந்தல்ல. மேலே சொன்ன பிரெஞ்சுக் கணக்கின்படி, முயற்சியை 30-லிருந்து 35-க்குத் தள்ளிப்போட்டதால் இழந்த பிறப்புகளில் பாதியைத்தான் ஐ.வி.எஃப். மீட்டுத்தரும். 35-லிருந்து 40-க்குத் தள்ளினால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொந்த முட்டையில் 43, 44 வயதில் ஒரு சுற்றின் வெற்றி நூற்றுக்கு ஐந்தை எட்டுவதே அபூர்வம். முட்டையை உறையவைப்பது வேறு கதை. 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அதைப் ‘பரிசோதனை நிலையில் உள்ளது’ என்ற பட்டியலிலிருந்து எடுத்தது. சரியான துணை இன்னும் கிடைக்கவில்லை என்ற 31, 32 வயதுப் பெண்ணுக்கு அது யோசிக்கத்தக்க வழி. முட்டை எடுத்த நாளின் வயதிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் பயனே, ஆக 39-இல் எடுத்து வைப்பதில் பயன் குறைவு. எடுத்த முட்டை எல்லாம் குழந்தையாவதும் இல்லை. உருகவைக்கும்போது சில போகும், கருவாகும்போது சில, ஒட்டும்போது சில. கணவரோடு இருக்கும், குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த 29 வயதுப் பெண்ணுக்கு இது தேவையே இல்லை.

ஆணின் வயதை யாரும் கேட்பதில்லை, நீங்களாவது எழுதியிருக்கிறீர்கள். விந்தணு தினமும் புதிதாக உருவாகிறது என்பது ஒரு விதத்தில் வசதி, இன்னொரு விதத்தில் தொல்லை. ஒவ்வொரு நகலெடுப்பிலும் சின்னச் சின்ன எழுத்துப்பிழை சேர்கிறது. ஐஸ்லாந்துக் குடும்பங்களை வைத்து 2012-இல் வெளியான ஆய்வில், தந்தையின் வயதில் ஓராண்டு கூடினால் குழந்தையிடம் ஏறக்குறைய இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுவது தெரிந்தது. பெரும்பாலானவை எந்தப் பாதிப்பும் செய்யாதவை. 45-க்கு மேற்பட்ட தந்தை என்றால் கருச்சிதைவும் ஒருசில அரிய மரபணு நோய்களும் கொஞ்சம் கூடுகின்றன. உங்கள் கணவரின் 33 ஒரு பிரச்சினையே இல்லை. புகைபிடிப்பவராக இருந்தால் அதுதான் பிரச்சினை.

உடம்புக்கு வெளியேயும் வாழ்க்கை இருக்கிறது. டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வில், வயது கூடிய தாய்மார்கள் குழந்தையைத் திட்டுவதும் அடிப்பதும் குறைவாக இருந்தது. அவர்களுடைய குழந்தைகளுக்கு 7, 11 வயதில் நடத்தைச் சிக்கல்களும் குறைவு. 15 வயதுக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பொறுமை, படிப்பு, கையில் கொஞ்சம் பணம், உறவில் ஒரு நிதானம், இவையெல்லாம் பிள்ளைக்கும் போய்ச்சேரும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மறுபக்கம், இரவில் நான்கு முறை எழுந்து மறுநாள் வேலைக்குப் போகும் தெம்பு 28-க்கும் 42-க்கும் ஒன்றல்ல. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உதவும் தாத்தா பாட்டிக்கும் வயதாகிக்கொண்டிருக்கும்.

தள்ளிப்போட நல்ல காரணங்கள் உண்டு. கணவன் மனைவி உறவு ஆட்டம் கண்டிருப்பது, சுகர் அல்லது தைராய்டு கட்டுக்குள் வராதது, வலிப்பு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை மாற்ற வேண்டியிருப்பது, இதற்கெல்லாம் நானே பொறுக்கச் சொல்வேன். “மனசு இன்னும் ஒப்பலை” என்பதும் காரணம்தான். பெரியவர்கள் நச்சரிப்பது தொடங்குவதற்குக் காரணமல்ல. ஆனால் அடுத்த பதவி உயர்வு, கொஞ்சம் பெரிய வீடு என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுப் பெறலாம் என்று இருப்பவர்கள், அந்தப் பட்டியல் முடிந்ததாக எப்போதும் சொல்லிக் கேட்டதில்லை.

சிலர் மட்டும் இந்தச் சராசரிக் கணக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) உள்ளவர்கள், சினைப்பையில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 45-க்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்கள். நூற்றில் ஒரு பெண்ணுக்காவது 40-க்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. இதில் எதுவும் உங்களுக்கு இருந்தால் நான் மேலே சொன்ன 31, 32 எல்லாம் பொருந்தாது, இப்போதே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிசிஓடி இருந்தால் பயப்பட வேண்டாம். முட்டை வெளியேறுவதில்தான் அங்கே சிக்கல், அதற்கு மாத்திரையிலேயே நல்ல வழி இருக்கிறது.

தொடங்குவது என்று முடிவானால், மாத்திரையை நிறுத்திய ஓரிரு மாதங்களில் பெரும்பாலோருக்கு முட்டை வெளியேறத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி என்றால் கடைசி ஊசியிலிருந்து ஒன்பது பத்து மாதம்கூட ஆகலாம், அதையும் கணக்கில் சேருங்கள். கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிட வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் ஒழுங்காக மூட அது தேவை, அந்தக் குழாயோ கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து, டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும். ரூபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்து, இல்லையென்றால் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து முயலுங்கள். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கும் காலம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே அது தப்பாது, செயலியில் நாள் பார்த்து ஒருவரையொருவர் விரட்ட வேண்டியதில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, வேறு நோய் இல்லை என்றால், உங்கள் வயதில் ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனால் போதும். 35 ஆகியிருந்தால் ஆறு மாதம், 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது கணவரையும் கையோடு கூட்டிப் போங்கள். கரு தங்காத ஜோடிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது, விந்தணுப் பரிசோதனை ஒரே நாளில் முடிந்துவிடும். பெண்ணுக்கு ஆறு மாதம் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுக் கடைசியில் அதைச் செய்யும் வழக்கம் இன்னும் போகவில்லை.